வீட்ல சின்ன வயசுல திடீர்னு ஒருத்தர் போயிருந்தா, பரம்பரை இதயத் துடிப்பு கோளாறு கண்ணுல படாம போச்சானு பாக்கறது எப்படி: முழுமையான வழிகாட்டி

எங்க ஊரு பாலக்கோடு பக்கம். தக்காளி தோட்டத்துக்கு நடுவுல ஒரு கெணறு, படிக்கட்டு பாதி இடிஞ்சு போயிருக்கும். எங்க ஊர்ல புள்ளைங்க எல்லாம் முதுகுல காலி பிளாஸ்டிக் கேன கட்டிட்டு அதுல தான் நீச்சல் பழகும், என் தம்பியும் அப்படி பழகினவன் தான், பத்து வயசுலயே மோட்டார் ரூம் மேல ஏறி தலைகீழா குதிப்பான். 2013 மே மாசம், அவனுக்கு 17 வயசு, மத்தியான வெயில்ல நாலு பசங்களோட குளிக்க போனான், குதிச்சான், மேல வந்தான், ரெண்டு கை வீசினான், அப்புறம் கைய அசைக்காம அப்படியே கீழ போனான். கத்தல, தத்தளிக்கல, தண்ணிய அடிக்கவே இல்லனு கூட இருந்த பசங்க சொன்னாங்க. நாங்க அத காதுல வாங்கல. நரம்பு இழுத்துருச்சுனு ஒருத்தர், உச்சி வெயில்ல முனி அடிச்சிருச்சுனு ஒருத்தர், போஸ்ட்மார்ட்டத்துல தண்ணில மூழ்கி இறப்புனு எழுதி குடுத்தாங்க, அதோட முடிஞ்சுது.

ஒன்பது வருஷம் கழிச்சு என் அக்கா பொண்ணு, அப்ப எட்டாவது படிக்கறா, ஸ்கூல்ல ரிலே ஓடறப்ப விழுந்தா. சாப்பிடாம வந்திருப்பானு சொன்னாங்க. மறுபடி விழுந்தப்ப கை கால் லேசா வெட்டிச்சு, ஃபிட்ஸ்னு சொல்லி மாத்திரை ஆரம்பிச்சாங்க, 14 மாசம் அத போட்டா. மூணாவது தடவ விழுந்தப்ப பெங்களூர் கூட்டிட்டு போனோம், அங்க ஒரு டாக்டர் அவ கதைய முழுசா கேட்டுட்டு எங்க அக்காகிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "உங்க வீட்ல யாராவது தண்ணில போனாங்களாம்மா?" அக்கா அப்படியே என்ன திரும்பி பாத்தா. அந்த பார்வைய நான் இன்னைக்கும் மறக்கல.

அவளுக்கு இருக்கறது லாங் க்யூடி, அதாவது ஒவ்வொரு துடிப்புக்கும் அப்புறம் இதயத்தோட மின்சாரம் அடங்க அதிக நேரம் எடுத்துக்கற கோளாறு. அந்த கேள்விய எங்ககிட்ட அதுக்கு முன்னாடி யாருமே கேக்கல, நாங்களும் சொல்லணும்னு தெரியாம இருந்துட்டோம். அதனால தான் இத இவ்ளோ நீளமா எழுதறேன். நான் டாக்டர் இல்ல, மருந்து விஷயத்துல உங்க டாக்டர் சொல்றது தான் கடைசி வார்த்தை. ஆனா டாக்டர்கிட்ட எத கொண்டு போறது, எத கேக்கறதுனு எங்க வீடு கஷ்டப்பட்டு கத்துகிட்டது உங்களுக்கு உதவும்.

இப்பவே ஒருத்தர் விழுந்துட்டா

இத எல்லாத்துக்கும் முன்னாடி தெரிஞ்சு வச்சுக்கோங்க. விழுந்தவர தட்டி கூப்பிடுங்க. பதில் இல்ல, மூச்சு இல்ல, இல்லனா மீன் தரையில கெடந்து வாய தொறக்கற மாதிரி எப்பயாவது ஒரு இழுப்பு மட்டும் இழுக்கறாங்கனா அது மூச்சு இல்ல, இதயம் நின்னுருச்சுனு எடுத்துக்கணும். ஒருத்தர் 108க்கு போன் போடணும், இன்னொருத்தர் நெஞ்சு நடுவுல ரெண்டு கையும் வச்சு பெரியவங்களுக்கு 5 சென்டிமீட்டராவது இறங்கற மாதிரி, நிமிஷத்துக்கு 100ல இருந்து 120 தடவ அமுக்கிட்டே இருக்கணும், ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் நிறுத்த கூடாது. பக்கத்துல எங்கயாவது இதயத்துக்கு ஷாக் குடுக்கற ஏஇடி மெஷின் இருந்தா ஒருத்தர ஓட விடுங்க. தண்ணில இருந்து தூக்கினவங்கனா வாயில மூச்சும் ஊதணும், தெரிஞ்சவங்க 30 அமுக்குக்கு 2 மூச்சு குடுக்கலாம். கையில சாவி குடுக்கறது, வெங்காயம் மோக்க வைக்கறது, வாயில தண்ணி ஊத்தறது எதுவும் வேணாம். சாவி தேடற நேரத்துல தான் உயிர் போகுது.

மொதல் வேலை: விழுந்த கதைய எழுதுங்க

டெஸ்ட்டுக்கு ஓடறதுக்கு முன்னாடி ஒரு நோட்ட எடுங்க. இந்த நோய்ங்கள்ல பாதி கண்டுபிடிப்பு கதையில தான் இருக்கு, மெஷின்ல இல்ல. விழுந்தவங்களுக்கு தான் என்ன நடந்துச்சுனு தெரியாது, அதனால பாத்தவங்கள கேளுங்க. எங்க புள்ள விஷயத்துல அவ கூட ஓடின பொண்ணு தான் சரியா சொன்னா, "அவ முகம் வெளுத்துச்சு அண்ணா, ஓடிட்டே இருந்தா, அப்படியே தலை குப்புற போயிட்டா" அப்படினு. கைய ஊனி விழல, அதனால தான் மூக்குல அடி.

நீங்க கேக்க வேண்டியது இது தான். அந்த நேரத்துல என்ன செஞ்சிட்டு இருந்தாங்க? ஓடறப்ப, நீந்தறப்ப, சண்டையில, அழுதுட்டு இருக்கறப்ப விழுந்தாங்கனா அது கெட்ட அறிகுறி. ஓடி முடிச்சு நின்னு கொஞ்ச நேரம் கழிச்சு மயங்கறது வேற, ஓடிட்டு இருக்கறப்பவே விழறது வேற, இத தெளிவா பிரிச்சு எழுதுங்க. திடீர் சத்தத்துக்கு, அதாவது அலாரம், போன் மணி, வீட்டு வாசல்ல வெடிச்ச வேட்டு, அதுக்கு அலறி எழுந்து விழுந்தாங்களா? தூக்கத்துல மூச்சு வினோதமா இழுத்துச்சா? காய்ச்சல் நேரத்துல விழுந்தாங்களா? விழறதுக்கு முன்னாடி நெஞ்சு படபடனு அடிச்சுச்சா, இல்ல எதுவுமே தெரியலயா? அப்ப என்ன மாத்திரை போட்டுட்டு இருந்தாங்க?

ஏன் இவ்ளோ நுணுக்கமா கேக்கணும்னா ஒவ்வொரு கோளாறும் ஒவ்வொரு நேரத்துல தான் வாலாட்டும். லாங் க்யூடியில முதல் வகை ஓட்டத்துலயும் குறிப்பா நீச்சல்லயும் வரும், ரெண்டாவது வகை திடீர் சத்தத்துலயும் பிரசவத்துக்கு அப்புறம் வர்ற மாசங்கள்லயும், மூணாவது வகை தூக்கத்துலயோ சும்மா இருக்கறப்பவோ. ப்ருகாடானு ஒன்னு இருக்கு, 1992ல தான் அத தனி நோயா எழுதினாங்க, அது ராத்திரி தூக்கத்துலயும் காய்ச்சல்லயும் வரும். சிபிவிடினு இன்னொன்னு, அது ஓட்டத்துலயும் உணர்ச்சிவசப்படறப்பவும் புள்ளைங்கள விழ வைக்கும், ஆனா சும்மா படுக்க வச்சு எடுத்த ஈசிஜியில ஒன்னுமே தெரியாது.

அதே சமயம் எல்லா மயக்கமும் இது இல்ல, பயந்துறாதீங்க. ஸ்கூல் ப்ரேயர்ல வெயில்ல ரொம்ப நேரம் நின்னு, கண்ணு இருட்டி, வேர்த்து, வாந்தி வர்ற மாதிரி இருந்து மெதுவா சரிஞ்சு விழறது, ஊசியோ ரத்தமோ பாத்து விழறது, இதெல்லாம் ரொம்ப சாதாரணம், பெரும்பாலும் ஆபத்தில்லாதது. இன்னொன்னு, கை கால் வெட்டினா அது ஃபிட்ஸ் தான்னு முடிவு பண்ணாதீங்க. இதயம் சில நொடி ரத்தம் அனுப்பலனாலும் மூளை அப்படி தான் வெட்டும். ஃபிட்ஸ் மாத்திரை சாப்பிட்டும் நிக்கல, மூளைக்கு எடுக்கற ஈஈஜி நார்மல், ஓடறப்பவும் பயப்படறப்பவும் மட்டும் வருதுனா ஒரு தடவ இதய டாக்டர பாத்தே ஆகணும். ஃபிட்ஸ் மாத்திரைய மட்டும் நீங்களா நிறுத்திறாதீங்க, அதையும் டாக்டர் தான் சொல்லணும்.

அடுத்தது: மூணு தலைமுறை

ஒரு பெரிய சார்ட் பேப்பர்ல குடும்பத்த வரைங்க, தாத்தா பாட்டி, அவங்க கூட பொறந்தவங்க, அப்பா அம்மா வழி எல்லாரும், புள்ளைங்க. இதுல தேட வேண்டியது ஹார்ட் அட்டாக் இல்ல. 62 வயசுல பீடி குடிச்ச தாத்தா நெஞ்சு வலி வந்து போனாருனா அது பெரும்பாலும் வேற கதை. 40 வயசுக்கு கீழ திடீர்னு போனவங்க தான் இங்க முக்கியம், அதுவும் நம்ம ஊர்ல அவங்கள வேற பேர்ல தான் சொல்வாங்க. நீச்சல் தெரிஞ்சும் கெணத்துலயோ ஏரியிலயோ போனவன், வெட்டவெளி ரோட்ல எதிர்ல வண்டி எதுவும் இல்லாம பைக்கோட போனவன், படுத்தவன் எந்திரிக்கல, தொட்டில்லயே போன கொழந்தை, பிரசவம் ஆகி ரெண்டு மாசத்துல போன பொண்ணு, காக்கா வலிப்புனு சொன்ன சித்தப்பா. பொறவியிலயே காது கேக்காதவங்களையும் குறிங்க.

எங்க பாட்டிகிட்ட நான் நேரா "நம்ம குடும்பத்துல ஹார்ட் ப்ராப்ளம் யாருக்காவது இருக்கா"னு கேட்டப்ப அப்படி யாருக்கும் இல்ல சாமினுட்டாங்க. ஒரு வாரம் கழிச்சு அவரக்கா உரிச்சிட்டு இருக்கறப்ப பக்கத்துல உக்காந்து "உன் கூட பொறந்தவங்க எத்தன பேரு பாட்டி, ஒவ்வொருத்தரும் எப்படி போனாங்க"னு பேர் பேரா கேட்டேன். அஞ்சாவது பேர் சொல்லிட்டு கை நின்னுச்சு. "அவ ஓடி புடிச்சு வெளையாடறப்ப கீழ விழுந்தா, காத்து அடிச்சிருச்சு, பத்து வயசு." அவ்ளோ தான் சொன்னாங்க, மறுபடி அவரக்காய எடுத்துகிட்டாங்க. அதனால நோய் பேர சொல்லி கேக்காதீங்க. ஆளு பேர சொல்லி கேளுங்க.

நம்ம தர்மபுரி கிருஷ்ணகிரி பக்கம் அக்கா மகள கட்டறதும் அத்தை பையனுக்கு குடுக்கறதும் சாதாரணம், எங்க அக்காவையும் அத்தை பையனுக்கு தான் குடுத்தோம். இந்த விவரத்த டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லணும். பெரும்பாலான லாங் க்யூடி, அப்பா அம்மா ரெண்டு பேர்ல ஒருத்தர்கிட்ட இருந்து வந்தாலே போதும், ஒவ்வொரு புள்ளைக்கும் பாதிக்கு பாதி வாய்ப்பு. ஆனா சில வகை ரெண்டு பக்கமும் இருந்து வந்தா தான் வரும், அது சொந்தத்துல கட்டின வீட்ல கூடுதல். பொறவி காது கேளாமையோட சேந்து வர்ற கடுமையான லாங் க்யூடி அப்படிப்பட்டது தான், 1957ல நார்வேல ஜெர்வெல், லாங்க நீல்சன்னு ரெண்டு டாக்டருங்க ஒரே குடும்பத்துல பாத்து எழுதினாங்க. காது கேக்காத புள்ள அடிக்கடி மயங்கி விழுந்தா ஒரு ஈசிஜி எடுக்காம விடவே கூடாது.

பேப்பர சேருங்க

பழைய ஈசிஜி எல்லாத்தையும் தேடி எடுங்க, துணி பீரோ, ரேஷன் கார்டு வச்ச மஞ்சப்பை, எல்லாம். ஈசிஜி எடுக்கற அந்த வழவழப்பான பேப்பர் சூடு பட்டா மங்கி வெள்ளையாயிரும், அதனால மொதல்ல நல்ல வெளிச்சத்துல போட்டோ எடுங்க, ஜெராக்ஸ் போடுங்க, லேமினேஷன் மட்டும் பண்ணாதீங்க, அந்த சூட்டுல மொத்தமா கருத்துரும். எங்க புள்ளையோட முதல் ஈசிஜி அக்காவோட கல்யாண ஆல்பத்துக்குள்ள இருந்துச்சு.

இறந்தவங்களோட போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் வேணும்னா கேஸ் பதிவான போலீஸ் ஸ்டேஷன்ல எஃப்ஐஆர் நம்பரோட கேளுங்க. சந்தேக மரணம்னு பதிவு பண்றது முன்னாடி குற்ற விசாரணை முறை சட்டத்துல, அதாவது சிஆர்பிசியில 174ம் பிரிவு, 2024 ஜூலை 1ல இருந்து அதுக்கு பதிலா வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்துல 194ம் பிரிவு. ஆனா ஒன்ன மனசுல வச்சுக்கோங்க. இந்த துடிப்பு கோளாறுங்கள்ல இதயம் பாக்கறதுக்கு நல்லா தான் இருக்கும், கோளாறு மின்சாரத்துல, சதையில இல்ல. இதயத்த அறுத்து பாத்து நார்மல்னு எழுதியிருந்தா அது இந்த நோய் இல்லனு அர்த்தம் ஆகாது.

ஈசிஜி பேப்பர்ல என்ன பாக்கணும்

இத நீங்களே அளந்து நோய முடிவு பண்றதுக்கு சொல்லல, டாக்டர்கிட்ட சரியான கேள்விய கேக்கறதுக்கு சொல்றேன். ஈசிஜி பேப்பர் சாதாரணமா நொடிக்கு 25 மில்லிமீட்டர் வேகத்துல ஓடும், ஒரு சின்ன கட்டம் 40 மில்லிசெகண்ட், பெரிய கட்டம் 200. ஒவ்வொரு துடிப்புலயும் மொதல்ல ஒரு சின்ன மேடு, அடுத்தது கூரா ஒரு கொம்பு, அப்புறம் மெத்துனு இன்னொரு மேடு. கொம்பு ஆரம்பிக்கற எடத்துல இருந்து அதுக்கு பின்னாடி வர்ற மேடு முடியற வரைக்கும் இருக்கற நேரம் தான் க்யூடி. மேடு எங்க முடியுதுனு குழப்பமா இருக்கும், டாக்டருங்க மேட்டோட இறங்கற சரிவுல ஸ்கேல் வச்சு ஒரு கோடு இழுத்து அது அடிக்கோட்ட தொடற எடத்த முடிவுனு எடுப்பாங்க. பேப்பர்ல இரண்டாவது லீட், வி5னு போட்டிருக்கற வரிங்கள்ல பாக்கறது வழக்கம்.

துடிப்பு வேகமா இருந்தா க்யூடி தானா குறையும், அதனால அத சரி பண்ணி க்யூடிசினு ஒரு எண் எடுப்பாங்க: க்யூடிய, ரெண்டு கொம்புக்கு நடுவுல இருக்கற நேரத்தோட வர்க்கமூலத்தால வகுக்கணும், நேரம் நொடியில இருக்கணும். எங்க புள்ளையோட அந்த பழைய பேப்பர்ல துடிப்பு 75, அதாவது ரெண்டு கொம்புக்கு நடுவுல 20 சின்ன கட்டம், 0.8 நொடி, வர்க்கமூலம் 0.894. க்யூடி 11 சின்ன கட்டம், 440. வகுத்தா 492. பெங்களூர் டாக்டர் பென்சிலால கோடு போட்டு இத எங்க கண்ணு முன்னாடி தான் கணக்கு போட்டார். அந்த பேப்பரோட தலையில மெஷின் அடிச்சது "நார்மல் சைனஸ் ரிதம்". துடிப்பு சரியான எடத்துல இருந்து கெளம்புதுனு மட்டும் தான் அதுக்கு அர்த்தம், க்யூடி சரியா இருக்குனு அர்த்தம் இல்ல, அது எங்களுக்கு தெரியல.

பொதுவா ஆம்பளைங்களுக்கு 450, பொம்பளைங்களுக்கு 460 தாண்டினா யோசிக்கணும், 480 தாண்டினா சந்தேகம் பலமாகும், 500 தாண்டினா ஆபத்து அதிகம். ஆனா ஒத்த எண்ண வச்சு யாரும் தீர்ப்பு சொல்ல மாட்டாங்க, வாந்தி பேதியில பொட்டாசியம் கொறஞ்சாலும், சில மாத்திரையாலயும் இது ஏறும், துடிப்பு ரொம்ப வேகமா இருந்தா இந்த கணக்கே கூட்டி காட்டும். அதனால எண், மயங்கின கதை, குடும்ப கதை மூணையும் சேத்து மார்க் போடற ஒரு முறை டாக்டருங்ககிட்ட இருக்கு, 3.5ஓ அதுக்கு மேலயோ வந்தா லாங் க்யூடினு பலமா நெனைப்பாங்க. குடும்பத்துல 30 வயசுக்கு கீழ காரணம் தெரியாத சாவுக்கும் அதுல மார்க் இருக்கு. உங்க பாட்டி சொல்ற கதைக்கு மெடிக்கல் மதிப்பு இருக்குங்க.

இப்ப முக்கியமான விஷயம். லாங் க்யூடி ஜீன் இருக்கறவங்கள்ல சுமார் நாலுல ஒருத்தருக்கு சும்மா எடுத்த ஈசிஜி நார்மலா இருக்கும். ப்ருகாடா ஒரு நாள் தெரியும், ஒரு நாள் தெரியாது. "ஈசிஜி எடுத்தோம், நார்மல்"ங்கறது அன்னைக்கு அந்த பத்து நொடிக்கு மட்டும் தான் பதில்.

எங்க போறது, என்ன கேக்கறது

ஆரம்ப சுகாதார நிலையத்துலயோ தாலுகா ஆஸ்பத்திரியிலயோ முதல் ஈசிஜி எடுத்துக்கலாம். இதயத்த ஸ்கேன் பண்ணி பாக்கற எக்கோவுக்கும் டாக்டர் பாக்கறதுக்கும் தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு எடத்துலயும் அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி இருக்கு. எக்கோ எதுக்குனா இதய சதை தடிச்சு போற நோயும் விளையாடறப்ப சாவ கொண்டு வரும், அது 500 பேர்ல ஒருத்தருக்கு வர்ற அளவுக்கு சாதாரணம், லாங் க்யூடி 2000 பேர்ல ஒருத்தருக்கு. சந்தேகம் இருந்தா அடுத்தது எலக்ட்ரோஃபிசியாலஜிஸ்ட், இபி டாக்டர்னு சொல்வாங்க, துடிப்புக்கு தனியா படிச்சவங்க. நம்ம பக்கத்துல இருந்து பெங்களூர் ஜெயதேவா இதய ஆஸ்பத்திரி, வேலூர் சிஎம்சி, சேலம், சென்னைனு போறாங்க, ஓசூர்க்காரங்களுக்கு பெங்களூர் தான் கிட்ட. முதலமைச்சர் காப்பீட்டு கார்டு வச்சிருந்தா, அது கர்நாடகாவுல அந்த ஆஸ்பத்திரியில செல்லுமா, எந்த டெஸ்ட்டுக்கு செல்லும்னு போகறதுக்கு முன்னாடியே போன்ல கேட்டுக்கோங்க, பஸ் ஏறி போய் கவுண்டர்ல நின்னு தெரிஞ்சுக்கற விஷயம் இல்ல அது.

ஓபியில உங்களுக்கு கெடைக்கறது அஞ்சு நிமிஷம். அதனால முதல் வாக்கியத்துலயே சொல்லிருங்க, "சார், புள்ள ஓடறப்ப மூணு தடவ விழுந்திருக்கா, தாய்மாமன் 17 வயசுல நீச்சல் தெரிஞ்சும் கெணத்துல போயிட்டான், லாங் க்யூடி இல்லனா சிபிவிடி மாதிரி ஏதாவது இருக்குமானு பாக்கணும், க்யூடிய கையால அளந்து சொல்ல முடியுமா?" நோய் பேர சொன்னா டாக்டர் கோச்சுக்குவாருனு எங்க மாமா பயந்தார். யாரும் கோச்சுக்கல.

கேக்க வேண்டிய டெஸ்ட்டுங்க: டிரெட்மில், அதுல ஓடறப்ப மட்டும் இல்ல, நின்னு நாலாவது நிமிஷத்துலயும் க்யூடி பாக்கணும், லாங் க்யூடி ஒளிஞ்சிருந்தா அங்க வெளிய வரும், சிபிவிடி இருந்தா வேகம் ஏற ஏற தப்பு துடிப்பு வரும். உடம்புலயே மாட்டிவிட்டு 24 மணி நேரம் ஈசிஜி எடுக்கற ஹோல்ட்டர். ரத்தத்துல பொட்டாசியம், கால்சியம், மெக்னீசியம். ப்ருகாடா சந்தேகம்னா நெஞ்சுல வைக்கற லீட ஒன்னு ரெண்டு விலா எலும்பு மேல தள்ளி வச்சு எடுக்கற ஈசிஜி, காய்ச்சல் இருக்கறப்ப ஒரு ஈசிஜி. ஊசி போட்டு ப்ருகாடாவ வெளிய கொண்டு வர்ற டெஸ்ட்டும் இருக்கு, அத எல்லா வசதியும் இருக்கற எடத்துல தான் செய்வாங்க. ஒருத்தருக்கு உறுதியானா அப்பா, அம்மா, கூட பொறந்தவங்க, புள்ளைங்க எல்லாரும் பாக்கணும், நல்லா இருக்கறவங்களும் தான். எங்க அம்மாவுக்கு 58 வயசு, வாழ்க்கையில ஒரு தடவ கூட மயங்கினதில்ல, காட்டு வேலை எல்லாம் செஞ்சவங்க, க்யூடிசி 475.

ஜீன் டெஸ்ட்

இத முதல் வேலையா செய்யாதீங்க. நோய் தெளிவா தெரியற ஆளுக்கு தான் மொதல்ல எடுக்கணும், அவங்ககிட்ட மாற்றம் கெடைச்சா அந்த ஒரு எடத்த மட்டும் மத்தவங்களுக்கு பாக்கலாம், செலவும் கொறையும் பதிலும் தெளிவா வரும். நல்லா இருக்கற ஆளுக்கு மொதல்ல எடுத்து ஒன்னும் இல்லனு வந்தா அது எதையும் சொல்லாது. லாங் க்யூடி உறுதியான நாலு பேர்ல சுமார் மூணு பேருக்கு ஜீன் மாற்றம் கெடைக்கும், ஒருத்தருக்கு நோய் இருந்தும் கெடைக்காது. இன்னொரு பதிலும் வரும், மாற்றம் இருக்கு ஆனா அது கெடுதலா இல்லையானு இப்போதைக்கு சொல்ல முடியாதுனு, அத வச்சு யாரும் மாத்திரை ஆரம்பிக்கவும் கூடாது, நிம்மதி ஆகவும் கூடாது. ரிப்போர்ட்ட ஜெனடிக் கவுன்சிலரோட உக்காந்து தான் படிக்கணும், வாட்ஸ்அப்ல வர்ற பிடிஎஃப நடு ராத்திரியில தனியா படிக்காதீங்க, நான் அப்படி படிச்சு விடியற வரைக்கும் உக்காந்திருந்தேன்.

எங்க வீட்ல புள்ளைக்கு, அக்காவுக்கு, அம்மாவுக்கு இருக்கு. எனக்கு இல்ல. எனக்கு இல்லாததால என் ரெண்டு புள்ளைங்களுக்கும் அது என் வழியா வராது.

பொண்ணு விஷயம்கறதால ஊர்ல தெரிஞ்சா நாளைக்கு வரன் வராதுனு சொல்லி மறைக்க சொன்னாங்க. அவளுக்கு இப்ப தேவை உயிர், பக்கத்துல இருக்கறவங்களுக்கு தெரியாம அந்த உயிர காப்பாத்த முடியாது. ஸ்கூல்ல பிடி சாருக்கும் கிளாஸ் டீச்சருக்கும் டாக்டர் லெட்டரோட சொன்னோம், கூட படிக்கற ரெண்டு பொண்ணுங்களுக்கு நெஞ்ச அமுக்க கத்து குடுத்தோம்.

பதில் வர்ற வரைக்கும் வீட்ல

தேதி கெடைக்க வாரக்கணக்கு ஆகும், அந்த நாள்ல சும்மா பயந்துட்டு இருக்க வேணாம், செய்ய வேலை இருக்கு. ஓடறப்பவோ நீந்தறப்பவோ விழுந்த புள்ளைய டாக்டர் சொல்ற வரைக்கும் கெணறு, ஏரி, ஒகேனக்கல் எங்கயும் தண்ணில எறக்காதீங்க, ஓட்டப்பந்தயம் வேணாம். படுக்கற எடத்துல அலாரமும் போனும் வேணாம். வாந்தி பேதி வந்தா உடனே ஓஆர்எஸ், நிக்கலனா ஆஸ்பத்திரி. காய்ச்சல் வந்தா விட்டு வைக்காம இறக்குங்க.

மாத்திரை விஷயம் தனியா சொல்லணும். மெடிக்கல்ல சும்மா கேட்டு வாங்கற மாத்திரைங்கள்லயே க்யூடிய நீட்டறது நிறைய: சளிக்கு குடுக்கற அசித்ரோமைசின், லெவோஃப்ளாக்சசின், வாந்திக்கு ஆண்டன்செட்ரான், படர்தாமரைக்கு ஃப்ளுகோனசோல். கேஸ் மாத்திரைனு எல்லாரும் வாங்கறதுல பேண்டப்ரசோலோட டோம்பெரிடோன் சேந்திருக்கும், பேருக்கு பின்னாடி டி போட்டிருக்கும், அந்த டோம்பெரிடோனும் இந்த லிஸ்ட்ல இருக்கு. க்ரெடிபிள்மெட்ஸ்னு ஒரு பட்டியல் இருக்கு, டாக்டருங்களே அத தான் பாப்பாங்க. ஒரு சீட்டுல லாங் க்யூடி சந்தேகம்னு எழுதி எந்த டாக்டர்கிட்ட போனாலும், பல்லு புடுங்க போனாலும், மொதல்ல அத நீட்டுங்க.

நோய் உறுதியாகி ப்ரோப்ரனலால், நாடலால் மாதிரி துடிப்ப அடக்கி வைக்கற பீட்டா ப்ளாக்கர் மாத்திரை ஆரம்பிச்சா ஒரு வேளை கூட விடாதீங்க, திடீர்னு நிறுத்தறது ரொம்ப ஆபத்து. ஊருக்கு போறப்ப மாத்திரைய மறந்துட்டு போறது தான் நடக்கும், அதனால ஒரு அட்டை பையில, ஒரு அட்டை பாட்டி வீட்ல. வீசிங் இருந்தா முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லிருங்க. இந்த மாத்திரையில பெரும்பாலானவங்க நல்லா இருக்காங்க, அதையும் மீறி ஆபத்து இருக்கறவங்களுக்கு தான் நெஞ்சுக்குள்ள ஐசிடி மெஷின் வைப்பாங்க, துடிப்பு தப்பினா அது தானா ஷாக் குடுக்கும்.

விட்டுட்டோமா

இந்த கேள்விக்கு என்கிட்ட முழு பதில் இல்ல. தம்பிக்கு இருந்துச்சானு இனிமே டெஸ்ட் பண்ணி சொல்ல முடியாது, அவன் ரத்தம் யாரும் எடுத்து வைக்கல. அம்மாவுக்கு இருக்கறதால பாதிக்கு பாதி வாய்ப்பு, கையசைக்காம கீழ போனதையும் சேத்து பாத்தா அதுக்கும் மேலனு டாக்டர் சொன்னார். அவன் உயிரோட இருக்கறப்ப ஒரு ஈசிஜி கூட எடுத்ததில்ல, விழுந்ததும் இல்ல, தேட காரணமே இல்லாம போன ஒன்ன விட்டுட்டோம்னு சொல்ல முடியாது. புள்ளையோட முதல் ஈசிஜி வேற. அதுல இருந்துச்சு, பாக்கல. அத எடுத்த கிளினிக்குக்கு நான் திரும்ப போய் பழைய பேப்பரையும் புது ரிப்போர்ட்டையும் சேத்து வச்சு, "சண்டைக்கு வரல சார், அடுத்த புள்ளைக்கு பாருங்கனு சொல்ல வந்தேன்"னு சொன்னேன். அவர் ரொம்ப நேரம் அத பாத்துட்டு இருந்தார், போட்டோ எடுத்துக்கலாமானு கேட்டார்.

உங்க மனசுல அந்த கேள்வி ஓடிட்டே இருந்தா அத ரெண்டா பிரிங்க, போனவங்களுக்கான கேள்வி ஒன்னு, இருக்கறவங்களுக்கான கேள்வி ஒன்னு. ரெண்டாவதுக்கு டாக்டர் ஈசிஜி, எக்கோ, டிரெட்மில் பாத்து இல்லனு சொன்னா, மறுபடி எப்ப பாக்கணும்னு தேதி கேட்டு எழுதிட்டு அது வரைக்கும் புள்ளைய விளையாட விடுங்க. வளர்ற புள்ளைங்களுக்கு சில சமயம் மறுபடி பாக்க சொல்வாங்க, அத தள்ளி போடாதீங்க. முதலாவது கேள்விக்கு எங்க அம்மா எனக்குள்ள இருந்தது தான் அவன கொண்டு போச்சுனு சொல்லி அழுவாங்க. கண்ணு நிறம் மாதிரி தான்மா இதுவும், நீயா எடுத்து குடுக்கலனு திரும்ப திரும்ப சொல்லிட்டு இருக்கேன், சில நாள் கேக்கறாங்க.

எங்க சார்ட்ல இன்னும் மூணு பேருக்கு பக்கத்துல கட்டம் காலியா இருக்கு. ஒன்னு ஓசூர்ல கம்பெனி வேலைக்கு போற பெரியம்மா பையன், 24 வயசு, நல்லா தான் இருக்கேன்னு ரெண்டு வருஷமா இழுத்தடிக்கறான். போன வாரம் அவனுக்கு போன் பண்ணி நோய பத்தி ஒன்னும் பேசல, கெணத்துல அன்னைக்கு கூட குளிச்சவன் அவனும் தான, என்ன பாத்தனு சொல்லுடானு கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. ஞாயித்துக்கெழமை வர்றேன், நீயும் கூட வாண்ணானு சொல்லிருக்கான்.